பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

எட்டாம் வகுப்பு மாணவிகளின் குழுப் புகைப்படம் ஒன்றை ஒரு தாய் என்னிடம் காட்டினார். மூன்று வரிசைகளில் ஏறத்தாழ நாற்பது சிறுமியர். படம் எடுத்தவர் சிரிக்கச் சொல்லியிருப்பார் போலும்; அநேகமாக எல்லாருமே சிரிக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒரு சிறுமி மட்டும் உதடுகளை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்.

"இவள்தான் என் மகள். வீட்டில் கலகலவென்று சிரிப்பாள். வெளியே போனால் வாயைத் திறப்பதில்லை. பேசும்போதுகூடக் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்" என்றார் தாய்.

காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. மேல்வரிசையில் இருபுறத்துக் கோரைப்பற்களும் நிற்க இடமின்றி ஈற்றின் மேல் ஏறிக்கொண்டு நிற்கின்றன. வகுப்புத் தோழியர் அதற்கென ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டனர். "சிறு வயதில் இவளுக்குப் பற்கள் முத்துக் கோத்தாற்போல இருந்தன. எங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்கும் இப்படி இல்லை. விழுந்து முளைத்தபோதுதான் இப்படி ஆகிவிட்டது" என்று அவர் வருந்தினார்.

விழுவதற்கு முன்பு என்ன நடந்தது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். ஐந்து வயதில் மேல் கடைவாய்ப் பற்கள், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சொத்தையாகிவிட்டன. குழந்தை இரவெல்லாம் அழுதாள். ஒரு விடுமுறை நாளில் அழைத்துப்போய் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். "பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள்; நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்" என்றார்.

பெற்றோரே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். "பால் பல்தானே!" என்னும் இச்சொல், நல்ல உள்ளம் கொண்ட பெற்றோரையும் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. பற்கள் வரிசை தவறுவதற்குப் பரம்பரையும் ஒரு காரணமே. தந்தையின் பெரிய பற்களும் தாயின் சிறிய தாடையும் ஒரே குழந்தைக்கு வாய்த்தால் நாம் என்ன செய்ய முடியும்? ஆனால், பரம்பரையின் மேல் பழி போட முடியாத கோணல்களும் பல உண்டு. அவை சிறு வயதில், நம் வீட்டில், நம் கண்முன்னே தொடங்குகின்றன. அவற்றைத் தடுக்க நம்மால் முடியும்.

பல் முளைக்கும் கணக்கு

குழந்தைக்குப் பால் பற்கள் 20. கீழ்த்தாடையின் நடுவில் உள்ள இரு வெட்டுப்பற்கள் ஏறக்குறைய 6-ஆம் மாதத்தில் முதலில் எட்டிப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு ஓராண்டு நிறையும் தறுவாயில்தான் முதற்பல் தோன்றும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. இரண்டரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும்.

6-ஆம் வயதில் நிலைப்பற்கள் வரத் தொடங்கும். 6 முதல் 8 வயதுக்குள் முன்பற்கள் விழுந்து முளைக்கும். பக்கத்திலும் பின்னாலும் உள்ள பால் பற்கள் 9 முதல் 12 வயதுக்குள்தான் விழும். மேல் கோரைப்பல் மிகவும் தாமதமாக, 11 அல்லது 12 வயதில் இறங்கும். 13 வயதளவில் வாயில் 28 பற்கள் இருக்கும். ஞானப்பற்கள் நான்கும் வந்தால் மொத்தம் 32.

இக்கணக்கில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் கடைசிப் பால் கடைவாய்ப்பல் இன்னும் 7 முதல் 9 ஆண்டுகள் வரை உழைக்க வேண்டிய பல் ஆகும். "விழப்போகிற பல்" என்று நாம் சொல்வது ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் விழப்போகிற பல்லை!

இடம் பிடித்து வைக்கும் துண்டு

கூட்டம் மிகுந்த பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை நாம் அறிவோம். துண்டு இருக்கும்வரை அந்த இருக்கை நமக்கு உரியது. யாரேனும் துண்டை எடுத்துவிட்டால், அடுத்திருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். அவருக்கு அடுத்தவரும் நகருவார். நாம் உள்ளே ஏறி வரும்போது நமக்கு இடம் இராது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பால் பல்லும் இத்தகைய துண்டே. உணவை மெல்லுவதும், சொற்களைத் திருத்தமாக ஒலிக்கச் செய்வதும் அதன் வேலைகள். அவற்றோடு, தன் அடியில் எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்காக இடம் பிடித்து வைப்பதும் அதன் வேலை. உரிய காலத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே பால் கடைவாய்ப்பல்லை இழந்தால், பின்னால் வரும் பெரிய கடைவாய்ப்பல் அந்த வெற்றிடத்தை நோக்கி முன்னே சாய்ந்து நகர்ந்துவிடும். 10, 11 வயதில் முளைக்கும் பற்கள் எஞ்சிய இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கடைசியாக இறங்கும் கோரைப்பல்லுக்கு இடமே இராது. அது வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு ஈற்றின் மேல் ஏறி நிற்கும்.

புகைப்படத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற அச்சிறுமிக்கு நேர்ந்தது இதுவே. ஐந்து வயதில் எடுக்கப்பட்ட பல்லுக்கும் பன்னிரண்டு வயதில் கோணிய பல்லுக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி இருந்ததால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்பது அத்தாய்க்குத் தெரியவில்லை.

சொத்தையே முதற் பகைவன்

ஆகவே, பல் வரிசையைக் காக்க விரும்புவோர் முதலில் பால் பற்களைச் சொத்தையிலிருந்து காக்க வேண்டும். குழந்தையைத் தூங்க வைப்பதற்காகச் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்துவிட்டுப் போவது பல வீடுகளில் வழக்கம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். இனிப்புப் பால் மணிக்கணக்காகப் பற்களின்மேல் தேங்கி நிற்கும். முதலில் மேல் முன்பற்களும் பின்னர் கடைவாய்ப்பற்களும் அரித்துப்போகும். புட்டி கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், குழந்தை உறங்குமுன் அதை எடுத்துவிடுங்கள். உறங்கும்போது வாயில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தேனில் தோய்த்த ரப்பர் சூப்பானும் இதே கெடுதலைச் செய்யும்.

முதற்பல் தோன்றிய நாளிலிருந்தே துடைத்தலும் துலக்குதலும் தொடங்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் ஃபுளோரைடு கலந்த பற்பசை போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர் மட்டும் இதுபற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏழு, எட்டு வயது வரை குழந்தை தானே துலக்கினாலும், இரவில் ஒருமுறை தாயோ தந்தையோ துலக்கிவிட வேண்டும். அந்த வயது வரை குழந்தையின் கை மூலைப்பற்களை எட்டுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சொத்தை விழுந்துவிட்டால் என்ன செய்வது? பிடுங்குவது முதல் வழியன்று, கடைசி வழி. சிறு குழியாயின் அடைத்துவிடலாம். ஆழமாக அரித்திருந்தாலும் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து, எஃகு உறை போட்டுக் காப்பாற்ற முடியும். சொத்தையை அப்படியே விட்டுவிட்டாலோ, சீழ் வைத்து, அடியில் வளரும் நிலைப்பல்லையே பழுதாக்கிவிடக்கூடும். காப்பாற்றவே இயலாது என்று மருத்துவர் பிடுங்கும்படி நேர்ந்தால், மறவாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இடம் மூடாமல் இருக்க ஏதேனும் போட வேண்டுமா?" வெற்றிடத்தைக் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்று உண்டு. பக்கத்துப் பல்லில் பொருத்திவிட்டால், புதுப்பல் வரும்வரை அது காவல் நிற்கும். அன்று அந்தக் கேள்வியைக் கேட்க யாரேனும் சொல்லிக் கொடுத்திருந்தால், அச்சிறுமியின் கோரைப்பற்களுக்கு இடம் கிடைத்திருக்கும்.

ஏமாற்றும் கடைவாய்ப்பல்

6 வயதில் வரும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலே முளைப்பது. பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் சந்தடியின்றி மேலே ஒரு சோடியும் கீழே ஒரு சோடியுமாக வந்து நிற்கும். எதுவும் விழவில்லை ஆதலால், பெற்றோர் இதனையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று காத்திருக்கிறார்கள். அது விழுந்தால் மீண்டும் முளைக்கவே முளைக்காது.

வாயின் கட்டமைப்பு முழுவதற்கும் இப்பல் மூலைக்கல் போன்றது. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள், 1899-ஆம் ஆண்டில் பல்வரிசைக் குறைபாடுகளை வகைப்படுத்தியபோது, இந்த முதற் கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதையே அளவுகோலாகக் கொண்டார். உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் அந்த வகைப்பாட்டையே கையாளுகின்றனர். உங்கள் குழந்தைக்கு ஆறு வயது நிறைந்ததும் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய பல் தெரிந்தால், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் அது என அறிந்துகொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருந்தால், சொத்தை நுழையாதபடி மருத்துவர் ஒரு பூச்சினால் அவற்றை அடைத்துவிடுவார்.

விரல் சூப்பும் குழந்தை

தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை விரல் சூப்புகிறது. பிறந்தபின் ஓரிரண்டு ஆண்டுகள் அது சூப்புவதும் இயல்பே. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகின்றன. எனவே, கைக்குழந்தையின் விரலை வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

நான்கு வயதுக்குப் பின்னும் நாள்தோறும் நெடுநேரம் சூப்பினால்தான் தொல்லை. விரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளும். கீழ்ப்பற்களை உள்ளே அழுத்தும். நாளடைவில் எத்துப்பல் தோன்றும். சில குழந்தைகளுக்குக் கடைவாய்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்க, முன்பற்களுக்கு இடையே மட்டும் ஒரு வாசல் திறந்தபடி இருக்கும். ஒரு துண்டு முறுக்கை முன்பல்லால் கடிக்க இயலாது. சூப்பும்போது கன்னங்கள் இருபுறமும் அழுத்துவதால் மேல் தாடை குறுகி, அண்ணம் மேலே குவிந்துவிடுவதும் உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் கீழே விழும்போது எளிதில் உடைந்துபோகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விரலில் மிளகாய் தடவுவது, வேப்பெண்ணெய் பூசுவது, பிறர் முன்னிலையில் பரிகசிப்பது, அடிப்பது ஆகியவற்றால் பயன் இல்லை. பயந்த குழந்தை ஆறுதலுக்காக இன்னும் அதிகமாகச் சூப்பும். எப்போது சூப்புகிறது என்று முதலில் கவனியுங்கள். பசியிலா, தூக்கத்திலா, தனிமையிலா? தம்பி, தங்கை பிறந்த பிறகா? காரணம் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. கைக்கு வேலை கொடுங்கள். சூப்பாத நாளுக்கு நாட்காட்டியில் ஒரு நட்சத்திரம் வரையச் சொல்லிப் பாராட்டுங்கள். இரவில் அறியாமல் சூப்பும் குழந்தைக்கு, அதன் சம்மதத்தோடு கையில் மெல்லிய துணியுறை மாட்டிவிடலாம். நிலை முன்பற்கள் முளைக்குமுன் பழக்கம் நின்றுவிட்டால், திறந்த வாசல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ரப்பர் சூப்பானுக்கும் இதே விதிதான். இரண்டு, மூன்று வயதுக்குள் அதனை மறக்கச் செய்ய வேண்டும்.

வாயால் மூச்சுவிடும் குழந்தை

உறங்கும் குழந்தையின் முகத்தை நள்ளிரவில் ஒருமுறை பாருங்கள். உதடுகள் மூடியிருக்கின்றனவா? நாள்தோறும் வாய் திறந்தபடியே உறங்குகிறதா? குறட்டை விடுகிறதா? காலையில் உதடு உலர்ந்திருக்கிறதா? அடிக்கடி சளி பிடிக்கிறதா?

மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே உள்ள சதை பருத்து மூச்சுவழியை அடைத்தாலோ, டான்சில் வீங்கினாலோ, குழந்தை வாயால் மூச்சுவிடத் தொடங்கும். வாய் மூடியிருக்கும்போது நாக்கு அண்ணத்தின் மேல் ஒட்டிக்கொண்டு மேல் தாடையை உள்ளிருந்து தாங்குகிறது. வாய் எந்நேரமும் திறந்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். தாங்குவார் இல்லாத மேல் தாடை குறுகி, பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். முகமும் நீண்டு ஒடுங்கும். இத்தகைய குழந்தையை "வாயை மூடு" என்று அதட்டிப் பயனில்லை. மூக்கு அடைத்திருக்கும்போது அது எப்படி மூடும்? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டி மூச்சுவழியைச் சீராக்க வேண்டும். அதன் பின்னரே பல்லுக்கு வைத்தியம் நிலைக்கும்.

தாய்ப்பாலும் மெல்லும் உணவும்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நாக்கையும் கீழ்த்தாடையையும் முன்னும் பின்னும் அசைத்து உழைத்துக் குடிக்கிறது. பிறக்கும்போது சற்றுப் பின்வாங்கியிருக்கும் கீழ்த்தாடைக்கு இது நல்ல பயிற்சி. புட்டிப் பாலோ சிறிது உறிஞ்சினாலே ஒழுகி வரும். தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் பல்வரிசைக் குறைபாடுகள் குறைவாகக் காணப்படுவதை 2016-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் எடுத்துக்காட்டியது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே; பிறகு இணை உணவுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால் மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

ஆறு மாதத்திற்குப் பின் குழைந்த உணவு. பிறகு படிப்படியாகக் கெட்டி உணவு. மூன்று, நான்கு வயதாகியும் சோற்றை மிக்சியில் அரைத்து ஊட்டும் தாய்மார்கள் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால், எலும்பும் தசையும் வேலை செய்தால்தான் வளரும். 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வட இந்தியாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த கிராமத்து இளைஞர்களையும் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டனர். நகரத்தவரிடமே பல்வரிசைக் குறைபாடு மிகுதியாக இருந்தது. மென்மையான நகரத்து உணவு இதற்கு ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். உணவு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஆயினும் கேழ்வரகு அடை, அவித்த சோளம், கொய்யா போன்றவற்றை வயதுக்கேற்ற துண்டுகளாக்கி, உட்கார்ந்து மென்று தின்னப் பழக்குவதில் நட்டம் ஏதுமில்லை. முழு வேர்க்கடலை போன்றவை சிறு குழந்தைக்குப் புரையேறும் ஆபத்து உடையவை. ஐந்து வயது வரை அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

எதற்குக் கவலைப்பட வேண்டாம்?

சில காட்சிகள் பெற்றோரை அச்சுறுத்தும். ஆனால் அவை இயல்பானவை. நான்கைந்து வயதில் பால் பற்களுக்கு இடையே சந்து விழுந்திருந்தால் அது குறையன்று, நல்ல அறிகுறி. பின்னால் வரும் பெரிய பற்களுக்கு இடம் உண்டு என்று பொருள். சந்தே இல்லாமல் நெருங்கியிருந்தால்தான் கவனம் வேண்டும்.

ஆறு, ஏழு வயதில் கீழே பால் பல் விழுமுன்னே அதன் பின்னால் புதுப்பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தெரியலாம். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் குழந்தை தானே ஆட்டி எடுக்கட்டும். பின்னால் வந்த பல்லை நாக்கு மெல்ல முன்னே தள்ளிவிடும். பால் பல் சற்றும் ஆடாமலே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் பெரியனவாக, நடுவே இடைவெளி விட்டு, விசிறிபோல் விரிந்து நிற்கும். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேர்களை அழுத்துவதால் வரும் தோற்றம் இது. கோரைப்பல் இறங்கியதும் இடைவெளி பெரும்பாலும் தானே மூடிவிடும். அதுவரை அந்தக் குழந்தையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதே பெற்றோரின் வேலை.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். பல் வரிசையைப் பார்ப்பதற்கு 7 வயது தக்க வயது. முதற் கடைவாய்ப்பற்களும் முன்பற்களும் வந்துவிடுவதால், இனி வரப்போகும் கோணலை மருத்துவர் முன்கூட்டியே கணிக்க முடியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு "ஒன்றும் செய்ய வேண்டாம், ஓராண்டு கழித்து வாருங்கள்" என்பதே விடையாக இருக்கும். அவ்விடையைப் பெறுவதற்காகப் போவதும் வீண் அன்று.

ஏழு வயது வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. வாயை மூடும்போது மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுவது. கடிக்கும்போது தாடை ஒருபுறமாக நகருவது. பால் பல் காலத்திற்கு முன்பே விழுவது அல்லது பிடுங்கப்படுவது. ஒருபுறம் பல் விழுந்து முளைத்து ஆறு மாதமாகியும் மறுபுறம் முளைக்காதிருப்பது. எப்போதும் வாய் திறந்தே இருப்பது. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே காட்டுங்கள்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் மொழி. தாடையெலும்புக்கு இது சொல்லுக்குச் சொல் பொருந்தும். குழந்தைப் பருவத்தில் மேல் தாடையின் இரு பாதிகளும் நடுவில் இன்னும் முழுவதுமாக இறுகாமல் இருக்கும். குறுகிய தாடையை எளிய கருவியால் மெல்ல விரிக்க முடியும். வளரிளம் பருவம் கடந்து அந்த இணைப்பு இறுகிவிட்டால், அதே வேலைக்குச் சில சமயம் அறுவை தேவைப்படும்.

செலவை எண்ணித் தயங்குவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 2013-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் நடுவண் அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவினர் வருகின்றனர். அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பற்களும் உண்டு. குழு வரும் நாளைக் கேட்டறிந்து, அன்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனவும் பல்வரிசைச் சீரமைப்புக்கெனவும் தனித்தனித் துறைகள் இயங்குகின்றன.

மீண்டும் அந்த வீட்டில்

அச்சிறுமிக்கு இப்போது பல்லில் கம்பி கட்டியிருக்கிறார்கள். இடம் போதாமையால் நல்ல பற்கள் இரண்டை எடுக்க வேண்டி வந்தது. ஏறக்குறைய இரண்டாண்டுகள் மாதந்தோறும் சென்று வர வேண்டும். தந்தை அதற்காகக் கடன் வாங்கியிருக்கிறார். பற்கள் சீராகிவிடும் என்று மருத்துவர் உறுதி கூறியிருக்கிறார். ஆனால், வாயைப் பொத்திக்கொண்டு அவள் கழித்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் இயலாது.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான். சென்ற மாதம் அவனுக்கும் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை கண்டது. கன்னம் சற்று வீங்கியது. "பால் பல்தானே அக்கா, பிடுங்கிவிட்டால் வலி தீர்ந்தது" என்று அண்டை வீட்டுப் பெண் யோசனை சொன்னார். தாய் பிடுங்கச் சொல்லவில்லை. மருத்துவரிடம் அழைத்துப்போய், வேர் சிகிச்சை செய்து, எஃகு உறை போட்டு அழைத்து வந்தார். பையன் இப்போது வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் வாயை அகலத் திறந்து அந்த வெள்ளிப் பல்லைக் காட்டுகிறான். பன்னிரண்டு வயதுக்குள் அது தன் வேலையை முடித்துக்கொண்டு தானே விழுந்துவிடும். அதன் அடியில் இருக்கும் பல் தன் இடத்தில் நேராக வந்து நிற்கும்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் குழந்தையை விளக்கின் எதிரே மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாக எண்ணிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி எங்கேனும் தெரிகிறதா? பின்னால் புதுப்பல் ஏதேனும் வந்திருக்கிறதா? கடித்துக் காட்டச் சொன்னால் மேலும் கீழும் பொருந்துகின்றனவா? இரண்டு நிமிட வேலைதான். மாதம் ஒருமுறை இதைச் செய்துவந்தால், நாளை உங்கள் குழந்தை எந்தப் புகைப்படத்திலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிராது.